தட்டு ஸ்டாண்டில் முளைத்த நிழல்

சத்தியம். முதலிலேயே அடித்துச் சொல்லிவிடுகிறேன், பாதியில் எழுந்து நின்று "அதெப்படிவே?" என்று கேட்கக்கூடாது. நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால், இனிமேல் நான் ஏறுகிற பஸ்ஸிலெல்லாம் எனக்கு என்ஜின் பெட்டி மேல்தான் இடம் கிடைக்கட்டும், அதுவும் சித்திரை மாதத்தில், மடியில் யாரோ ஒருவரின் கருவாட்டுக் கூடையோடு. ஆயுசு முழுக்க அரசு பஸ்ஸில் கண்டக்டராக நின்றே கழித்த ஒருவனின் வாயிலிருந்து இதைவிடக் கடுமையான சத்தியம் வராது. செண்பகவல்லி அம்மனையே சாட்சிக்குக் கூப்பிடலாம்தான். அவளுக்கு ஆயிரம் சோலி.

கோவில்பட்டியில் எங்கள் பம்புரூம் தெருவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே வெயில் அடிக்காது, குடியிருக்கும். கத்திரி வெயில் காலத்தில் எங்கள் தெருக் காக்காய்கள் பறக்காது. சுவரை ஒட்டி நடந்தே போகும். தெருவில் மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் மரத்தின் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஏனென்றால் யார் வீடு கட்டினாலும், கட்டப்போகிற வீட்டின் படத்தை ஃபிளக்ஸில் அடித்து வாசலில் கட்டிவிடுவார்கள், அதற்கு எலிவேஷன் என்று பேர், அந்தப் படத்தில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், ஒரு கார் நிற்கும், காருக்குப் பக்கத்தில் நல்ல கொழுத்த மரம் ஒன்று நிற்கும், வீட்டுக்காரர் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போவார். வீடு முடிந்த பிறகு போய்ப் பார்த்தால், கார் நின்ற இடத்தில் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும், மரம் நின்ற இடத்தில் செப்டிக் டேங்க் மூடி இருக்கும். அதற்காக யாரும் யாரையும் திட்டியதில்லை. கல்யாணப் பத்திரிகையில் பொண்ணு படிப்பு போடுகிற மாதிரி, எலிவேஷனில் மரம் போடுவது ஒரு மரியாதை.

அந்த மரங்களையெல்லாம் வரைகிறவள் எங்கள் தெருவிலேயே இருந்தாள். பேர் வேலுத்தாய். புருஷன் அய்யலுச்சாமி தெருமுனையில் கிரில் பட்டறை வைத்திருந்தான். இவள் எங்கள் எதிர்வீட்டு முன்னறையில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஊரில் எழும்பாத வீடுகளையெல்லாம் எழுப்பிக்கொண்டிருந்தாள். கைகாரிதான். ஆனால் லேப்டாப் கைகாலில்லாதது. ஒரு வீட்டை முழுசாக்கச் சொன்னால் அதற்கு மூச்சு வாங்கும், விசிறி கத்தும், பால்கனி வரைக்கும் ஏறி வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிடும், கடைசியில் திரை நீலமாகிப் படுத்துக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்களூர்ச் சங்கத்துக்காரர்கள் கல்யாண மண்டபம் கட்டக் கிளம்பினார்கள். வெறும் படம் போதாது, வாசலில் நுழைந்து, மேடையைப் பார்த்து, பந்திக்கூடம் வரைக்கும் நடந்து போகிற மாதிரி சினிமாவாகவே வேண்டும் என்றார் சங்கத் தலைவர் கொண்டல்சாமி. வேலுத்தாய் செய்துகாட்டினால் வேலை அவளுக்கு. முடியாவிட்டால் மதுரைக் கம்பெனிக்கு. வேலை கிடைத்தால் வாசலில் அவள் பேரில் ஒரு போர்டு தொங்கும்; கிடைக்காவிட்டால் பழையபடி விடிந்தும் விடியாமலும் திருநெல்வேலி பஸ், யாரோ ஒரு என்ஜினியர் ஆபீஸில் கக்கூஸ் ஓரமாக ஒரு நாற்காலி, அவள் வரைந்த வீட்டுக்குக் கீழே அவர் பேர். அந்த பஸ்ஸில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கிப்போவதை எத்தனையோ தடவை நானே பார்த்திருக்கிறேன், அதனால் இது எனக்கும் தெரிந்த கஷ்டம்.

ஒருநாள் காலையில் போனால், லேப்டாப்பைக் குப்புறப் போட்டு அடிமூடியைக் கழற்றி வைத்திருந்தாள்.

"என்னத்தா, ஆப்பரேசனா?"

"ஆமா பெரியப்பா. இதுக்கு மூளை பத்தல. வெளிய ஒரு மூளை வைக்கப்போறேன்."

"எனக்கும் ஒண்ணு வையேன். ஒங்க பெரியம்மா ரொம்ப நாளாச் சொல்லுதா."

"ஒங்களுக்கு உள்ளயே ரெண்டு இருக்கு. ஒண்ணு பொய் சொல்ல, இன்னொண்ணு அதை நம்ப."

பெரியவனென்றும் பார்க்கமாட்டாள். அவள் செய்தது இதுதான். லேப்டாப்புக்குள் வைஃபைக்கென்று இருந்த சின்னத் துண்டை உருவிவிட்டு, அந்தப் பொந்தில் ஒரு பட்டை வயரைச் சொருகி, அதை வெளியே இழுத்து வந்து ஒரு பச்சைப் பலகையில் மாட்டி, பலகையில் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைக் குத்தி நிறுத்தினாள். கார்டு கனமான கனம், இரண்டு விசிறி வைத்தது, அது நிற்க ஒரு கூடு வேண்டுமே? அடுக்களையில் இருந்த பாத்திர ஸ்டாண்டைத் தூக்கிவந்தாள். தட்டு சொருகுகிற கம்பிக்கு நடுவில் கார்டு ஜம்மென்று நின்றது. டம்ளர் கவிழ்க்கிற இடத்தில், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பவர் சப்ளை பெட்டி உட்கார்ந்தது. அந்தப் பெட்டியைத் தனியாக ஓடவைக்கப் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் முட்டவிட வேண்டுமாம். தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி அதில் செருகினாள். மூடியில்லாத லேப்டாப்புக்குக் காற்றுப் போக, கீழே இரண்டு கடலைமிட்டாய் டப்பா. முதலில் கார்டின் விசிறி சுற்ற வேண்டும், பிறகுதான் லேப்டாப்பை எழுப்ப வேண்டும், மாற்றிச் செய்தால் ஒன்றை ஒன்று தெரியாத மாதிரி இருந்துவிடும், மாமியாரும் மருமகளும் ஒரே பஸ்ஸில் ஏறின மாதிரி.

அந்தக் கார்டு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். மதுரைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில், கண்ணுக்குத் தெரியாத கம்ப்யூட்டர்க் காசு தோண்டுகிறோம் என்று சொல்லி, இந்த மாதிரிக் கார்டுகளைக் கோழிப்பண்ணை போல அடுக்கிவைத்து ராப்பகலாகக் கணக்குப் போடவிட்டிருக்கிறார்கள். கொட்டகை நொடித்ததும் வெளியே வந்தது இது. படம் வரையப் பிறந்த கார்டு, அன்றுவரை ஒரு கோடுகூட வரைந்ததில்லை. அதற்கு ஒரு திரையைக்கூட யாரும் காட்டியதில்லை.

ஸ்டாண்டைத் தொட்டால் மட்டும் சுர்ரென்று ஷாக் அடித்தது. அய்யலுச்சாமி வந்து பார்த்துவிட்டு, "எர்த்து இல்லாம எவளாவது வேலை பாப்பாளா?" என்று பொண்டாட்டியைக் கடிந்துகொண்டு, ஸ்டாண்டின் காலில் ஒரு வயரை முறுக்கி, ஜன்னல் வழியாக வெளியே கொண்டுபோய், தெருவோரம் இருந்த எர்த்துக் குழியில் சேர்த்தான். உப்பும் அடுப்புக்கரியும் போட்டுக் குழாய் இறக்கிய குழி. அடுத்த வீட்டுச் சீனியம்மா காலையில் வாசல் தெளித்ததும் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றாவிட்டால் அவள் வீட்டு மிக்ஸி கையைப் பிடித்து இழுக்கும்.

எல்லாம் சரியானதும், பழக்கப்பட்ட ஒரு வீட்டுப் படத்தை வேலுத்தாய் திறந்தாள். வீடு, கார், மரம். கார்டு ஒரு தடவை பெருமூச்சு விட்டது. பிறகு இரண்டு விசிறியும் சுற்ற ஆரம்பித்து, ஜன்னலிலிருந்து கூரை வரைக்கும், கூரையிலிருந்து இலை வரைக்கும், நாள் பூராவும் இழுத்த வேலையை அவள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் முடித்துவைத்தது.

அதே நேரம் தெருவில் சீனியம்மாவின் சத்தம் கேட்டது. "எவ அவ? எவ எம் வத்தல் மேல நெழலைப் போட்டது?"

வெளியே வந்து பார்த்தோம். எர்த்துக் குழியில் வேர் பிடித்த மாதிரி ஓர் அடிமர நிழல் கிளம்பி, தெருவின் பாதி அகலத்துக்குப் படர்ந்து, கிளை கிளையாகப் பிரிந்து, சீனியம்மா சேலையில் பிழிந்து காயப்போட்டிருந்த கூழ்வத்தல் மேலும், என் சைக்கிள் மேலும், படுத்திருந்த நாய் மேலும் விழுந்துகிடந்தது. இலை அசைவது தெரிந்தது. நிழல்தான் இருந்தது, மரம் இல்லை. அண்ணாந்து பார்த்தால் சூரியன் கண்ணைக் குத்தும். குனிந்தால் காலடியில் குளிர்ச்சி. அதனால் எங்கள் தெரு அன்றைக்கே அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டது.

"ஏ வேலுத்தாயி, ஒம் மரம்தானா இது?"

"எம் படத்துல உள்ளது மாதிரிதான் இருக்கு மதினி."

"அப்ப ஒரு ரெண்டு முழம் தள்ளிப் போடு. வத்தல் ஊசிப்போகும்."

"அதெல்லாம் தள்ள முடியாது மதினி."

"மரம் வளக்கத் தெரியுது, தள்ளத் தெரியலையாக்கும்" என்று சொல்லிக்கொண்டே வத்தலை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, இழுத்த களைப்புக்கு நிழலில் உட்கார்ந்தாள் சீனியம்மா. பிறகு சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அடுத்து வந்தது கம்மங்கூழ் வண்டி சங்கிலிப்பாண்டி. வழக்கமாக எங்கள் தெருவை ஓட்டமாகக் கடப்பவன், வண்டியை நிறுத்தினான், சக்கரத்துக்குக் கல் வைத்தான், மோர்மிளகாய்த் தட்டைத் திறந்தான், பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தவன் மாதிரி ஆனான். பிறகு கொத்தனார்கள் சோத்து வாளியோடு வந்தார்கள், தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வந்தார்கள், ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், ஆடு வந்தது. காக்காய்கள் தரையில் கிளை நிழலின் மேல் வரிசையாக உட்கார்ந்து, உயரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கரைந்தன. கூட்டம் நிழலின் ஓரத்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, பழக்கதோஷம், எழுந்துவிட்டேன். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுநெழல் காலியாத்தான் இருக்கு, கூடையைக் கால்மாட்டுல வையிங்க, கைப்பிள்ளைக்காரிக்கு எடம் விடுங்க!" பொழுது நகர நகர நிழலும் நகரும், நான் விசில் கொடுப்பேன், மொத்தக் கூட்டமும் ஒரு முழம் நகர்ந்து உட்காரும். இறங்குகிறவர்கள் முதலில் வெயிலுக்கு இறங்கின பிறகுதான் ஏறுகிறவர்கள் ஏறலாம் என்று சட்டம் போட்டேன். ஒருவரும் மீறவில்லை.

அது என்ன மரம் என்பதில் மட்டும் தகராறு. சீனியம்மா வாகை என்றாள், ஆட்டோக்காரர்கள் தூங்குமூஞ்சி என்றார்கள், வேலுத்தாயைக் கேட்டால், கம்ப்யூட்டரில் கிடைத்த வெளிநாட்டு மரம், பேர் தெரியாது என்றாள். இலை உதிராத மரம் எதுவானாலும் நல்ல மரம்தான், கூட்ட வேண்டாம் பார், என்று சீனியம்மா முடித்துவைத்தாள். நிழல் பொது ரோட்டை ஆக்கிரமித்திருக்கிறதா என்று அளந்து பார்க்க டேப்போடு ஓர் அதிகாரி வந்தார். டேப் சூடு ஆறட்டும் என்று கொஞ்சம் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்ந்தார். எழுந்ததும் கூழைக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "காத்து நல்லா வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கரண்ட் போனால் நிழலும் போய்விடும் என்பது தெரிந்ததும் ஆளுக்கொரு இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கிவந்து வேலுத்தாய் வீட்டில் அடுக்கினார்கள். சீனியம்மா கார்டுக்குச் சந்தனம் தடவ வந்தபோது மட்டும் அய்யலுச்சாமி குறுக்கே விழுந்து தடுத்தான். "மதினி, வேண்டாம், புகைஞ்சிரும்! ஸ்டாண்டுக்குப் பூசுங்க, கார்டுக்குப் பூசாதீங்க!" ஸ்டாண்டின் நாலு காலுக்கும் பூசிவிட்டுப் போனாள்.

இப்படியே எல்லோரும் சுகமாக இருந்தோம், ஒருத்தியைத் தவிர.

மண்டப வேலையைத் தொடங்க வேலுத்தாய் அந்த வீட்டுப் படத்தை மூடினாள். மூடியதும் தெருவில் ஒரே கூப்பாடு. கூழ்ப்பானை கொதித்தது, தூங்கியவர்கள் எழுந்தார்கள், உயரத்தில் இருந்த காக்காயெல்லாம் விழுந்துவிட்ட மாதிரி அலறின. அவள் பயந்துபோய் மறுபடி திறந்துவிட்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்தும். கொண்டல்சாமி வெள்ளிக்கிழமை கமிட்டியோடு பார்க்க வருவதாகப் போன் வந்துவிட்டது, மண்டபத்துக்கு இன்னும் வாசற்படிகூட வைத்தாகவில்லை, தெரு அவளை நாற்காலியை விட்டு எழும்பவிடவில்லை. காப்பி வரும், கூழ் வரும், சீனியம்மா வீட்டிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பு வரும்.

"நீ கைய நனைக்காத, எல்லாம் நாங்க ஆக்கித் தாறோம். அந்தப் பைலை மட்டும் மூடிராத தாயி."

"நான் மூடாம எப்படி மதினி அடுத்த வேலையப் பாக்க?"

சங்கிலிப்பாண்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எக்கா, இத்தன பேரு குளுகுளுன்னு இருக்கோம்லக்கா. இதவிட ஒரு புண்ணியம் உண்டா?" என்றான்.

வேலுத்தாய் எழுந்தாள். எங்கள் எல்லோரையும் ஜன்னல் வழியாக ஒரு சுற்றுப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நாங்களும் கத்தியிருப்போம்.

"நான் மரமில்ல பாண்டி. எனக்குச் சோலி இருக்கு."

பாண்டி ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தான். நிழல் மட்டும் தரையில் சலசலத்தது. எனக்கு அந்த பஸ் கம்பியும், அதைப் பிடித்துக்கொண்டே தூங்குகிற அவள் முகமும் ஞாபகத்துக்கு வந்து, வாய்க்கு வந்த கேலி தொண்டையிலேயே இறங்கிவிட்டது.

சீனியம்மாதான் முதலில் மூக்கை உறிஞ்சினாள். "அதுஞ்சரிதான். அவ பொழப்பு அவளுக்கு." பிறகு, கொஞ்சம் யோசித்து, "ஏட்டி, வீடு மாறிப்போனா கருவேப்பிலக் கன்னை அங்கயே விட்டுட்டா போறோம்? வேரோட கெளப்பிட்டுப் போய் நடலையா? அந்த மரத்தத் தூக்கி மண்டபத்துல வச்சாத்தான் என்ன?"

வேலுத்தாய் திரும்பி லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். முடியும். மரத்தைப் பிரதி எடுத்து அடுத்த படத்தில் வைப்பது அவளுக்குக் கருவேப்பிலை கிள்ளுகிற வேலை. ஆனால் இதை மூடி அதைத் திறந்த பிறகு நிழல் திரும்பி வருமா என்பதை யாரால் சொல்ல முடியும்? அத்தனை நாள் கணக்குப் போட்டுச் சலித்த கார்டு, சந்தோஷத்தில் ஒரு தடவை வரைந்ததை இன்னொரு தடவை வரையும் என்று என்ன நிச்சயம்? தெரு கூடிப் பேசியது. போனால் போகட்டும், அவள் பொழப்பு முதலில், என்று சங்கிலிப்பாண்டியே சொன்னான். சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளத் தோதாகச் சக்கரத்துக் கல்லை எடுத்து வைத்துக்கொண்டான்.

தலைக்கு நேரே வெயில் நின்ற ஒரு மத்தியானம், அவள் படத்தை மூடினாள். நிழல் போயிற்று. யாரும் ஓரத்துக்கு ஓடவில்லை. நாய் உட்பட எல்லோரும் அந்தந்த இடத்திலேயே வெயிலில் நின்றோம், உள்ளே கார்டு முக்கிக்கொண்டிருந்தது, மண்டபம் லேசுப்பட்ட கட்டடமா, தூண் மட்டும் அத்தனை தூண், கார்டு சுட ஆரம்பித்தது, அய்யலுச்சாமி டேபிள்ஃபேனைத் தூக்கி அதன் முகத்துக்கு நேரே பிடித்தான், அது போதாதென்று சீனியம்மா முறத்தோடு ஜன்னலுக்கு வந்தாள், அவளைப் பார்த்துத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் அட்டைகளோடு வந்தார்கள், நான் துண்டைச் சுழற்றினேன், ஒரு தெருவே ஒரு தட்டு ஸ்டாண்டுக்கு விசிறியது, வீசுங்க வீசுங்க என்று உள்ளேயிருந்து வேலுத்தாய் கத்த, விசிறிக்கொண்டிருந்த என் கை மேல் ஏதோ குளிர்ச்சியாக விழுந்தது.

திரும்பிப் பார்த்தால், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு கல்யாண மண்டபத்தின் நிழல் படுத்திருந்தது. தூண் தூணாக, வளைவு வளைவாக, வாசலில் குலை தள்ளிய வாழைமரம் இரண்டு, அதற்கு முன்னால் எர்த்துக் குழியிலிருந்து கிளம்பி எங்கள் மரம். சினிமாவை வேலுத்தாய் ஓடவிட்டபோது நிழலும் நடந்தது. மேடை நிழல் எங்களைக் கடந்து போனது, பந்திக்கூட நிழல் வந்தது, நாங்கள் கூடவே நடந்து போனோம், கை கழுவுகிற இடம் வந்ததும் ஒரு கொத்தனார் அனிச்சையாகக் கையை நீட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கொண்டல்சாமி கமிட்டியோடு வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மொட்டையோ வழுக்கையோ என்று முடிவுசெய்ய முடியாத தலை. சின்ன முன்னறை, கார்டின் அனல், உள்ளே அத்தனை பேர், மேடை வரைக்கும் பார்த்தார்கள், பந்திக்கூடத்தில் வேர்த்து ஒழுகினார்கள், படம் முடிந்ததும் "ஏ, அருமைத்தா!" என்று சொல்லிக்கொண்டே மூச்சுத்திணறி வெளியே ஓடிவந்து மர நிழலில் உட்கார்ந்தார்கள். சங்கிலிப்பாண்டி கூழ் ஊற்றினான். தலைவர் செருப்பைக் கழற்றினார், காலை நீட்டினார், சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கினார். எந்த மரம், ஏது என்று கேட்கவேயில்லை. நல்ல நிழலில் உட்கார்ந்தவன் எவன் அண்ணாந்து பார்க்கிறான்?

பிறகு உட்கார்ந்தபடியே ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாம் திருப்திம்மா. வேலை ஒனக்குத்தான். ஒரே ஒரு திருத்தம். வாசல்ல ஒரு மரம் வச்சிருக்க பாரு, அது நமக்கு ஆகாது. அந்த எடத்துல வி.ஐ.பி. காரு நிக்கணும். மரத்த எடுத்துட்டு ஒரு காரப் போட்டு இப்பவே காமிச்சிரு, கையோட கையெழுத்தப் போட்டுட்டுப் போயிருதோம்."

தெரு மொத்தமும் ஜன்னலைப் பார்த்தது. சீனியம்மா உதட்டைக் கடித்தாள். வேண்டாம் என்று சொன்னால் வேலை மதுரைக்கு. சரி என்று சொன்னால் எங்கள் தலையில் வெயில். உள்ளே அய்யலுச்சாமி ஏதோ மெதுவாகச் சொல்வதும், வேலுத்தாய், "கேக்குறவுக சொன்னதச் செய்யிறதுதான் எஞ்சோலி" என்று சொல்வதும் கேட்டது. அவள் குரலில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை எங்கள் பக்கம் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். செய் தாயி.

செய்தாள்.

கமிட்டியின் தலைமேல் வெயில் கொப்பரையோடு கவிழ்ந்தது. மரம் இருந்த இடத்தில் ஒரு காரின் நிழல் வந்து நின்றது. நீளமான, பளபளப்பான, வி.ஐ.பி. காராகத்தான் இருக்க வேண்டும், ஆனால் காரின் நிழல் எவ்வளவு தூரம் வரும்? ஒரு முழ அகலம். முதலில் கமிட்டி ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருந்தது. பிறகு பொருளாளர் மெல்ல நகர்ந்து முன்சக்கர நிழலில் குத்தவைத்தார். செயலாளர் கதவு நிழலில் ஒண்டினார். தலைவர், எத்தனை பேரிடம் மாலை வாங்கிய கழுத்து, அதை மடித்துப் பின்சீட்டு நிழலுக்குள் நுழைக்கப் பார்த்தார், தலை உள்ளே போனால் முதுகு வெளியே, முதுகு உள்ளே போனால் தலை வெளியே, வழுக்கையில் வெயில் பட்டுத் தெறித்து எதிர்ச்சுவரில் வட்டமாக விழுந்தது.

நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்கு இவ்வளவு பெரிய கூட்டம் பாடுபட்டு நான் பார்த்ததில்லை. பாண்டி மட்டும் பணிவாக, "அண்ணாச்சி, காருக்கு ஏ.சி. போடச் சொல்லட்டுமா?" என்றான்.

தலைவர் அவனை முறைத்தார். துண்டைத் தலையில் போட்டார். கொஞ்ச நேரம் தரையில் கிடந்த காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா…"

"சொல்லுங்கண்ணாச்சி."

"அந்த மரம்… எவ்வளவு எடம் கேக்கும்?"

"ஒரு காரு நிக்கிற எடம்தான் அண்ணாச்சி."

"பந்திக்குக் காத்துக்கெடக்க சனம் எல்லாம் அதுக்கடியில நிக்கும், இல்லையா?"

"இங்க நின்னுச்சுல்ல."

"காரு நிக்குறதுக்கு என்ன, அது எங்க வேணாலும் நிக்கும். வெயிலு அத என்ன செய்யப்போகுது?" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிறகு உரத்த குரலில், அதைத் தானே கண்டுபிடித்தவர் மாதிரி கமிட்டியைப் பார்த்துச் சொன்னார்: "மண்டபம்னா வாசல்ல ஒரு மரம் வேணும்வே! நான் அப்பவே நெனச்சேன். போடும்மா, போடு, சீக்கிரம் போடு!"

கையெழுத்தை அவர் நிழலில் உட்கார்ந்துதான் போட்டார்.

இன்றைக்கு வேலுத்தாய் வீட்டு வாசலில் போர்டு தொங்குகிறது, அய்யலுச்சாமி கம்பியை வளைத்து எழுத்தாகச் செய்த போர்டு. யார் வீட்டை வரைந்தாலும் அந்த மரத்தை முதலில் நட்டுவிட்டுத்தான் மீதியைக் கட்டுகிறாள், அதனால் எங்கள் தெருவில் வீடுகளின் நிழல் மாறிக்கொண்டே இருக்கும், மரத்தின் நிழல் மாறாது. மண்டபமும் எழும்பிவிட்டது. எலிவேஷனில் போட்ட மரத்துக்கு நிஜமாகவே இடம் விட்டுக் கட்டிய கட்டடம் எங்கள் தாலுகாவில் அது ஒன்றுதான். எந்த மரமென்று தெரியாததால் ஒரு புங்கங்கன்றை வாங்கிவந்து, சுற்றி வேலுத்தாய் கொடுத்த அளவில் கூண்டு போட்டு நட்டார்கள். கன்று இன்னும் என் முழங்காலைத் தாண்டவில்லை, இலைகளை உட்கார்ந்து எண்ணிவிடலாம். ஆனால் முகூர்த்த நாளில் பத்துமணிக்கு மேல் போய்ப் பாருங்கள், பந்திக்குக் காத்திருக்கிற சனமெல்லாம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பொண்ணு வீட்டார் ஒரு பக்கம், கைப்பிள்ளைக்காரிகள் நடுவில், அந்த முழங்கால் உயரக் கன்றின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருப்பார்கள், இன்னும் ஒரு பஸ் ஆள் ஏற இடமிருக்கும்.

அந்த மரத்தை வைத்ததே தான்தான் என்று தலைவர் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும், பாவம். ஆனால் காருக்கடியில் தலையை நுழைத்த கதை வெளியே போயிற்று என்று தெரிந்தால் மனுஷன் சும்மா இருக்கமாட்டார். என் பேத்தி கல்யாணத்துக்கு அந்த மண்டபத்தைத்தான் கேட்டு வைத்திருக்கிறோம், அதுவும் ஆனி மாதத்தில். ஆகையால் நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், அது உங்கள் வாய். யார் சொன்னது என்று மட்டும் கேட்டால், கூட்டமான பஸ், பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது, திரும்பிப் பார்க்க முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.